இல்லக் கணக்கும் இனிய வாழ்வும்

மன்னர்தம் வெற்றி தோல்விகளையும், கோட்டைகள் எழுந்ததையும் வீழ்ந்ததையும் வரலாறு என்று போற்றிப் படிக்கிறோம். ஆயின், ஓர் எளிய குடும்பம் தன் மாத வருவாயை எவ்வாறு பங்கிட்டது, எவரிடம் எந்த வட்டிக்குக் கடன் கொண்டது, எந்தக் கடையில் எந்த எடைக்குப் பருப்பு வாங்கியது, முதுமைக்கென எதனைச் சேர்த்து வைத்தது என்பனவற்றை எழுதி வைத்தோர் மிகச் சிலரே. இவையும் வரலாறே. நம் போன்றோரின் வாழ்வைப் பொறுத்தவரை, மன்னர் நிகழ்த்திய போர்களைவிட இவையே மிகுதியும் நம்மை ஆக்கியும் அழித்தும் வந்துள்ளன.

நமது நாகபுரிக்கு 1867ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்தது. 1887இல் வங்காள–நாகபுரி ரயில்வே கம்பெனி தோன்றிற்று. 1929இல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் தென்னாட்டையும் வடநாட்டையும் இந்நகரின் வழியே பிணைத்தது. அந்தப் பாதைகளின் வழியே நம் முன்னோர் பலர் உத்தியோகம் தேடி இப்பக்கம் வந்து, குடியிருப்புகளில் தங்கி, மக்களைப் பெற்று வளர்த்தனர். ஊரில் இருந்தவரை அவர்களுக்குக் குதிரில் நெல் இருந்தது. கொல்லையில் முருங்கை இருந்தது. அவசரமெனில் அடுத்த தெருவில் மாமன் வீடு இருந்தது. இங்கு வந்தபின் எஞ்சியது மாதம் ஒருமுறை கைக்கு வரும் சம்பளம் ஒன்றே. ஆகவே, அச்சம்பளம் எவ்வழியில் சென்றது என்பதே குடும்பத்தின் நலிவுக்கும் பொலிவுக்கும் காரணமாயிற்று.

ஒரே பதவியில், ஒரே சம்பளத்தில் பணியாற்றி ஒரே ஆண்டில் ஓய்வு பெற்ற இருவரின் இல்லங்களை நாம் கண்டிருக்கிறோம். ஓரில்லத்தில் அமைதி நிலவும். மற்றொன்றில் கவலை குடிகொண்டிருக்கும். ஊழ் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆயினும் நூறாண்டுக் காலச் செய்திகளைத் தொகுத்து நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலப்படும். கடன், கடை, கையொப்பம், வைப்பு ஆகிய நான்கிலும் ஒரு குடும்பம் செய்யும் சிறு சிறு முடிவுகளே அதன் வாழ்க்கைத் தரத்தை அமைக்கின்றன. சட்டங்களும் நிறுவனங்களும் துணை நிற்பன உண்மையே; எனினும் அவை யாவும் எவரோ சிலர் பட்ட துன்பத்திற்குப் பின்னரே பிறந்தன என்பதையும், அறிந்து பயன்படுத்துவோர்க்கே உதவின என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

வாயிலில் நின்ற கடன்

ஆங்கிலேயர் ஆட்சியில், 1929ஆம் ஆண்டில், இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்வதற்கென விட்லி என்பாரின் தலைமையில் ஓர் அரச ஆணையம் அமைக்கப் பெற்றது. ஆலைகளையும் சுரங்கங்களையும் ரயில்வே பணிமனைகளையும் ஆராய்ந்த அவ்வாணையம் 1931இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத குடும்பங்கள் கடனில் மூழ்கியிருந்தன என்றும், அவற்றுள் மிகப் பலவற்றின் கடன் மூன்று மாதச் சம்பளத்திற்கு மேற்பட்டது என்றும் அது கணித்தது. ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி என்பது அன்று சாதாரணமாக வழங்கிய விகிதம்.

ஓரணாதானே என்று எண்ணுதல் இயல்பு. கணக்கிட்டுப் பார்ப்போம். ரூபாய்க்குப் பதினாறு அணா. மாதம் ஓரணா எனில் ஆண்டுக்குப் பன்னிரண்டு அணா. அதாவது நூற்றுக்கு 75 ரூபாய் வட்டி. மூன்று மாதச் சம்பளத்தைக் கடனாகக் கொண்ட ஒருவர், மாதந்தோறும் தாம் பெறும் ஒவ்வொரு ரூபாயிலும் மூன்றணாவை வட்டிக்கே ஈந்தார். முதல் அப்படியே நின்றது. அந்த மூன்றணா குழந்தைகளின் பாலிலிருந்து பிடுங்கப்பட்டதா, பள்ளிச் சம்பளத்திலிருந்து பிடுங்கப்பட்டதா என்பது மட்டுமே வீட்டுக்கு வீடு வேறுபட்டது.

சம்பள நாளன்று வட்டிக்காரர் ஆலை வாயிலிலேயே காத்து நிற்பார். சம்பளம் வாங்கியவர் வீடு செல்வதற்குள் வட்டி கைமாறிவிடும். இக்கொடுமையை ஒடுக்குமாறு விட்லி ஆணையம் பரிந்துரைத்தது. நாகபுரியைத் தலைநகராகக் கொண்டிருந்த மத்திய மாகாணத்தில் 1937இல் கடனாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடன்பட்டோரைத் தொடர்ந்து சென்று தொல்லை விளைப்பது அதன்படி குற்றமாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில், 1936இல், ஊதியம் வழங்கற் சட்டம் இயற்றப்பட்டது. தொழிற்சாலைகளுக்கும் ரயில்வேக்கும் உரிய அச்சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவானோர் பணியாற்றும் இடங்களில் மாதம் முடிந்த ஏழு நாளுக்குள்ளும், பிறவற்றில் பத்து நாளுக்குள்ளும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என விதித்தது. சம்பளம் தாமதமாக வருவதும் கடனுக்கொரு காரணம் என்பதை ஆட்சியாளர் உணர்ந்தமையே இதற்கு அடிப்படை. இன்று நாம் குறித்த நாளில் சம்பளம் பெறுவதை இயற்கை நிகழ்ச்சிபோல் கருதுகிறோம். அது பலர் பட்டினி கிடந்து பெற்ற உரிமையாகும்.

பதினால்வர் தொடங்கிய கடை

கடனுக்கு மாற்று யாது என்னும் வினாவுக்கு விடை தேடியவர்களுள் சென்னை மாகாணம் முன்னணியில் நின்றது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. பிரெடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியைச் சென்னை அரசு ஐரோப்பியக் கூட்டுறவு வங்கிகளை ஆராயுமாறு பணித்தது. அவர்தம் அறிக்கை 1895லும் 1897லும் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1904ஆம் ஆண்டில் இந்தியாவெங்கும் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில் காஞ்சிபுரத்தில் பதிவான நகரக் கூட்டுறவுச் சங்கமே இந்நாட்டு நகரக் கடன் சங்கங்களுள் முதலாவதாகும்.

அதே 1904இல் திருவல்லிக்கேணியில் 14 பேர் கூடி ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கினர். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர் பெற்ற அதன் தொடக்கத்தில் பங்கு கொண்டவர்களுள், அங்கு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக விளங்கிய வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியாரும் ஒருவர். நடுத்தரக் குடும்பத்தினர் அன்று எதிர்கொண்ட இன்னல்கள் நாம் அறியாதன அல்ல. கடைக்காரரிடம் மாதக் கணக்கு வைத்திருப்பர். கடன் நிற்பதால் விலையைக் கேட்க இயலாது. எடையைச் சோதிக்க இயலாது. கல் கலந்த அரிசியைத் திருப்பிக் கொடுக்கவும் நாணம். கடன்பட்ட நாக்கு கடைக்காரர் முன் பேசாது. அந்நிலையை மாற்றும் வழி, வாங்குவோரே கடையின் உரிமையாளர் ஆவதுதான் என அப்பதினால்வர் துணிந்தனர்.

இதற்கு முன்மாதிரி இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844இல் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடையாகும். அவர்கள் கடைப்பிடித்த நெறிகள் இரண்டைக் குறித்தல் வேண்டும். ஒன்று, ரொக்கத்திற்கே விற்பனை. மற்றொன்று, மிஞ்சும் இலாபத்தை, அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்பப் பகிர்ந்தளித்தல். தம் வீட்டுக்கு வேண்டிய மாவும் வெண்ணெயும் வாங்கியதனாலேயே அவர்கள் சேமிப்பும் பெற்றனர்.

இன்று பலசரக்கைத் தெருவுக்கொரு பெருங்கடையும், வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் கம்பெனிகளும் விற்கின்றன. கூட்டுறவுக் கடைகளின் பழைய சிறப்பு பல ஊர்களில் குன்றியுள்ளது. ஆயினும் அக்கருத்து அழியவில்லை. நம் மாநிலத்தில் 1975இல் தொடங்கிய மும்பை கிராஹக் பஞ்சாயத்து, அண்டை வீட்டார் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து மாதச் சாமான்களை மொத்தமாகப் பெற்றுத் தமக்குள் பகிர்ந்து கொள்ளும் முறையை நடத்திக் காட்டியது. ஒரு காலனியில் பத்துக் குடும்பங்கள் மனமொத்தால் இது செய்தற்கரியது அன்று.

எடையும் முத்திரையும்

நம் தாத்தா பாட்டியர் இந்நகருக்கு வந்தபோது எதிர்கொண்ட முதல் குழப்பம் மொழியன்று, அளவை. ஊரில் படியும் வீசையும் பலமும் அறிந்தவர்களுக்கு இங்குச் சேரும் தோலாவும் மணங்கும் புதியன. சேரிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு. அளவு தெரியாதவர் ஏமாறுவார் என்பதைச் சந்தை எப்போதும் அறிந்தே வைத்திருக்கிறது.

1956இல் இயற்றிய எடை அளவைச் சட்டத்தின்படி 1958 முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாகப் புகுத்தப் பெற்றன. கிலோவும் லிட்டரும் கன்னியாகுமரியிலும் காஷ்மீரத்திலும் ஒன்றே ஆயின. நாணயத்தில் இம்மாற்றம் 1957 ஏப்ரல் 1ஆம் நாள் வந்தது. பதினாறு அணா நூறு நயா பைசா ஆயிற்று. ஓரணாவுக்குச் சரியாக 6¼ நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயமில்லாமையால், சில்லறையாக வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கால் எவர் பக்கம் சாயும் என்பது சில ஆண்டுகள் இல்லத்தரசியருக்கும் கடைக்காரருக்கும் இடையே ஓயாத வழக்காயிருந்தது. சிறு தொகையைச் சிறிதென்று விடாத அப்பெண்மணிகளின் கூர்மை நம் காலத்தில் மங்கி வருகிறது என்றே சொல்ல வேண்டும்.

எடை சரியாக இருப்பின் போதுமா? பொருளும் சரியாக இருத்தல் வேண்டும். இப்பகுதிக்கு அண்மையிலுள்ள மத்தியப் பிரதேச வட்டாரங்களில் கேசரிப் பருப்பு என்றொரு பருப்பு விளைகிறது. வறட்சியிலும் விளையும், விலை மலிவு. ஆயின் பல மாதம் அதையே முதன்மை உணவாக உண்டவர்களுக்குக் கால்கள் விளங்காமற் போயின. அதனை உண்டவர்கள் பெரும்பாலும் கூலிக்குப் பதில் அதையே பெற்ற ஏழைகள். அப்பருப்பைத் துவரம்பருப்பில் கலந்து விற்ற வணிகரும் உண்டு. சாம்பார் இன்றி நாள் கழியாத நமக்கு இச்செய்தி பிறர் கதை அன்று. 1998இல் தில்லியில், பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம்பகமான அடையாளம் ஏதுமின்றி வாங்கிய எண்ணெய்க்குக் குடும்பங்கள் கொடுத்த விலை அது.

வேளாண் விளைபொருள்களின் தரத்துக்கான அக்மார்க் முத்திரைக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம் அடிகோலியது. அம்முத்திரைக்குரிய மத்திய ஆய்வுக்கூடம் நமது நாகபுரியிலேயே அமைந்துள்ளது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தொழிற்பொருள்களுக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை வந்தது. சிப்பமிட்டு விற்கும் பொருள்களின் மீது நிகர எடை, விலை முதலிய விவரங்களை அச்சிட வேண்டுமென 1977ஆம் ஆண்டு விதிகள் கட்டளையிட்டன. அண்மை ஆண்டுகளில், ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிலிட்டருக்கோ என்ன விலை என்பதையும் அச்சிடும் முறை வந்துள்ளது. கடையில் நிற்கும்போது அந்தச் சிறு எழுத்தைப் படிக்க அரை நிமிடம் போதும். சிறு பொட்டலமாக நாள்தோறும் வாங்குவது மலிவா, மாதத்திற்கொரு முறை பெரிய பொட்டலம் வாங்குவது மலிவா என்பது அதில் விளங்கிவிடும். சலுகை என்று உரக்கக் கூவும் எழுத்து எது, உண்மையைச் சொல்லும் எழுத்து எது என்பதை நம் பிள்ளைகளுக்குப் பழக்குவது பள்ளிக் கணக்கைவிடக் குறைந்த கல்வி அன்று.

ஏமாற்றப்பட்டோர்க்கு முறையிடும் வழி 1986 டிசம்பர் 24இல் ஒப்புதல் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தால் கிட்டியது. அதற்குப் பதிலாக இயற்றிய 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள் குறித்த முறையீட்டுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமில்லை. ஆயினும் ஒன்று வேண்டும்: கடைச் சீட்டு. சீட்டைக் கேட்டு வாங்கி ஒரு கம்பியில் குத்தி வைத்த நம் பாட்டனார் வழக்கம் எள்ளத்தக்கதன்று.

ஒரு கையொப்பத்தின் கதை

இனி நம் அலுவலகத்தோடு தொடர்புடைய செய்தி ஒன்றனைக் கூறுவோம். இதனை ரயில்வேக் குடும்பங்கள் கூர்ந்து நோக்குதல் நலம்.

முதுமைக்கான ஏற்பாடு இந்நகருக்குப் புதிதன்று. ஜம்ஷெட்ஜி தாத்தா 1877இல் இங்குத் திறந்த எம்ப்ரஸ் ஆலையில் 1886இலேயே ஓய்வூதிய நிதி ஒன்று ஏற்பட்டது. அரசுப் பணியாளரிடத்தும் ரயில்வேயிலும் பிராவிடண்ட் ஃபண்டு என்னும் சேமநல நிதி வழங்கி வந்தது. 1925ஆம் ஆண்டுச் சேமநல நிதிச் சட்டத்தின் ஒரு விதி நெஞ்சைத் தொடுவது: கட்டாயமாகப் பிடித்து வைத்த அந்நிதியைக் கடன்காரர் எவரும் நீதிமன்றத்தின் வாயிலாகவும் பற்றிக்கொள்ள இயலாது. வாயிலில் நின்ற வட்டிக்காரரின் கை எட்டாத ஒரே பெட்டி அதுவாயிருந்தது.

1957 வரை ரயில்வே ஊழியர் ஓய்வு பெறும்போது அந்நிதியை மொத்தமாகப் பெற்றுச் செல்வதே முறை. 1957 நவம்பர் 16ஆம் நாள் ரயில்வேயில் ஓய்வூதியத் திட்டம் புகுத்தப் பெற்றது. அப்போது பணியிலிருந்தோர் பழைய சேமநல நிதியிலேயே தொடரலாம். அன்றேல் ஓய்வூதியத்திற்கு மாறலாம். எது வேண்டுமென ஒரு தாளில் கையொப்பமிட்டுக் கொடுத்தல் வேண்டும். பின்னரும் பன்முறை அவ்வாய்ப்பு நீட்டிக்கப் பெற்றது.

பலர் மொத்தத் தொகையையே விரும்பினர். அவர்களைக் குறை கூறுதல் முறையன்று. பெண்ணின் திருமணம் முன்னே நின்றது. ஊரில் ஒரு வீடு கட்டும் ஆசை இருந்தது. ஓய்வுக்குப் பின் எத்தனை ஆண்டு வாழப் போகிறோம் என்ற ஐயமும் இருந்தது. ஆனால் காலம் வேறு கணக்குப் போட்டது. ஆயுள் நீண்டது, விலைவாசி ஏறியது. ஓய்வூதியம் பெற்றவர்களுக்கு அகவிலைக்கேற்பத் தொகை கூடிக்கொண்டே வந்தது. 1964 முதல் விரிவுபெற்ற குடும்ப ஓய்வூதியம், கணவனை இழந்தோர்க்கும் ஆதரவாயிற்று. மொத்தத் தொகை பெற்றவர்களுடைய பணமோ திருமணத்திலும் செங்கல்லிலும் கரைந்து, முதுமையில் மக்கள் கையை எதிர்நோக்கும் நிலை பலர்க்கு வந்தது. தங்களுக்கும் மீண்டும் ஒருமுறை வாய்ப்பு வேண்டுமென அத்தகையோர் தொடுத்த வழக்கை 1990இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நிதியை ஒப்படைத்ததோடு அவர்கள்பால் அரசுக்குரிய கடமை முடிந்தது என்பதே தீர்ப்பின் சாரம். பின்னர் அரசு கருணைத் தொகையாகச் சிறிது வழங்கியதேனும், அது ஓய்வூதியத்திற்கு ஈடாகவில்லை.

ஒரு தாள், ஒரு கையொப்பம். அதன் பயனோ இருவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அத்தாளை மனைவியிடம் காட்டிக் கலந்து பேசியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

வரலாறு மீண்டும் அதே தாளை நம் முன் நீட்டியிருக்கிறது. 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தோர்க்குப் புதிய ஓய்வூதிய முறை வந்தது; அதில் ஓய்வுக்காலத் தொகை சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்து, விரும்புவோர் அதற்கு மாறலாம் என அறிவிக்கப் பெற்றது. 25 ஆண்டு பணி முடித்தோர்க்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி உறுதி என்பது அதன் சிறப்பு. எது எவர்க்கு ஏற்றது என்பது அவரவர் வயதையும் பணிக்காலத்தையும் குடும்ப நிலையையும் பொறுத்தது. அதனை இங்கு நாம் தீர்ப்பிடுதல் தகாது. அடுத்த மேசைக்காரர் எழுதியதைப் பார்த்து எழுதாமல், தம் கணக்கைத் தாமே போட்டு, இல்லத்தாரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும் என்பது மட்டும் 1957இன் பாடமாகும்.

அலுவலக மேசையில் நாம் காணும் மற்றொரு குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். திருமணமாகிப் பல்லாண்டு கழிந்தபின்னும் நியமனதாரர் படிவத்தில் மறைந்த தாயின் பெயரே நிற்பதுண்டு. சிலவற்றில் அப்பகுதி வெற்றிடமாகவே இருக்கும். ஊழியர் திடீரென மறைந்தால், மொழி முழுதும் பழகாத அவர் மனைவி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் துன்பம் சொல்லுந்தரமன்று. பத்தாண்டு எவரும் கேளாத வங்கி வைப்புகளைச் சேர்த்து வைக்கவே ரிசர்வ் வங்கி 2014இல் தனி நிதியொன்று தொடங்க வேண்டியதாயிற்று. அத்தொகைகளைத் தேடியறிய 2023இல் உத்கம் என்னும் இணைய வசதியையும் ஏற்படுத்தியது. அந்நிதியில் துயில்வது செல்வர் பணம் மட்டும் அன்று. எங்கே வைத்தோம் என்று வீட்டாரிடம் சொல்லாமற் போனவர்களின் பணமும் அதில் உண்டு.

வீழ்ந்த வங்கிகள் சொல்லும் பாடம்

சேமிப்பு நன்று. எங்கே சேமிப்பது என்பது அதனினும் பெரிய வினா. 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி இந்நாட்டில் தோன்றி, எளியவர் காசுக்கும் அரசின் பொறுப்பைத் தந்தது. எனினும் கூடுதல் வட்டி தருவோரை நாடும் ஆசை மக்களை விட்டகலவில்லை.

சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்றால் மலைபோல் நம்பினர். அதிகாரிகளும் வக்கீல்களும் கைம்பெண்களும் தம் பணத்தை அங்கு வைத்தனர். 1906 அக்டோபர் 22ஆம் நாள் அது கதவடைத்தது. லண்டனிலிருந்த பங்காளியின் சூதாட்ட வணிகத்தில் பணம் கரைந்திருந்தது. கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். ஆயின் வைப்பாளர் இழந்தது மீளவில்லை. அந்த வீழ்ச்சியின் சாம்பலிலிருந்தே, வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால், 1907 ஆகஸ்டு 15இல் இந்தியன் வங்கி பணி தொடங்கியது.

1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அதன் எதிரொலியாக 1962இல் வைப்புக் காப்புறுதித் திட்டம் வந்தது. ஒரு வைப்பாளர்க்கு ஒரு வங்கியில் 1,500 ரூபாய் வரை அன்று காப்பு. 1993இல் அது ஒரு லட்சமாயிற்று. 2020 பிப்ரவரி 4 முதல் ஐந்து லட்சமாகும். இதில் ஒரு நுட்பம் உண்டு. கூட்டுறவு வங்கிக்கு இக்காப்பு உண்டு; கூட்டுறவுக் கடன் சங்கத்திற்கு இல்லை. பெயரில் ஒரு சொல்லே வேறுபாடு. இடர் வந்தால் வாழ்வே வேறுபடும்.

நம்மவர்க்குச் சீட்டு என்றால் தனிப் பற்று. நல்லவர் கூடி நடத்தும் சீட்டு கல்யாணத்திற்கும் படிப்புக்கும் உதவியதை நாம் மறுக்கவில்லை. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம், சீட்டு நடத்துவோர் பதிவு செய்து ஈடு கட்டுதல் வேண்டுமென விதிக்கிறது. பரிசுச் சீட்டும், ஆள் சேர்த்தால் பணம் என்னும் சுழற்சித் திட்டங்களும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் முற்றிலும் தடுக்கப்பட்டவை. தடை இருந்தும் 2013இல் வங்காளத்தில் சாரதா குழுமம் வீழ்ந்து எண்ணற்ற ஏழைகளை வாட்டியது. முகம் அறிந்தவர், நம்மூர்க்காரர், நம் மொழி பேசுபவர் என்பதற்காக எவரிடமும் பணத்தை ஒப்படைத்தல் கூடாது. தூரதேசத்தில் வாழ்வோர்க்குத் தாய்மொழி இனிக்கும். அவ்வினிமையே தூண்டிலாகவும் கூடும்.

இன்றைய வாயில்

காபூலிவாலா என்று வடபுலத்தார் அழைத்த வட்டிக்காரர் இன்று ஆலை வாயிலில் இல்லை. ஆலையும் பலவிடத்து இல்லை. கடன் இப்போது கைப்பேசியில் வருகிறது. கேட்காமலே வருகிறது, நள்ளிரவிலும் வருகிறது. கடனட்டையில் தவறிய தொகைக்கு மாதம் மூன்றரை விழுக்காடு என்று சிறு எழுத்தில் போட்டிருப்பின், அது ஆண்டுக்கு 42 விழுக்காடு ஆகும். மூன்று மாதச் சம்பளத்தை அவ்வட்டிக்கு வாங்கியவர், மாதச் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்தரை ரூபாயை வட்டிக்கே அளிக்கிறார். 1931இன் தொழிலாளி அளித்ததில் பாதிக்கு மேல் என்பது நினைவிருக்கட்டும்.

வட்டியில்லாத் தவணை என்னும் விளம்பரமும் அத்தகையதே. கடனட்டைத் தவணைகளில் வட்டியே இல்லை என்பது உண்மையில் இல்லாத ஒன்று, அதன் செலவு வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்று 2013இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது.

கைப்பேசிச் செயலி வழியே சில ஆயிரம் கடன் கொண்ட இளைஞர், தவணை தவறியவுடன், தம் கைப்பேசியிலிருந்த உறவினர், அலுவலகத்தார் அனைவர்க்கும் அவதூறு பரப்பப்பட்டு மானம் இழந்த செய்திகளை நாளிதழ்களில் படித்தோம். உயிர் துறந்தோரும் உளர். 1937இல் வீட்டு வாயிலில் நடந்த தொல்லை இன்று கையளவுத் திரையில் நடக்கிறது. 2022 செப்டம்பர் 2இல் ரிசர்வ் வங்கி விதித்த நெறிமுறைகளை நாம் அறிதல் வேண்டும். கடன் தொகை நேரே கடனாளர் கணக்கில் சேர வேண்டும். எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டி வீதத்தை ஒரு தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும். கைப்பேசியிலுள்ள பெயர்ப் பட்டியலைச் செயலி தொடலாகாது. மனம் மாறினால் குறித்த நாட்களுக்குள் அபராதமின்றித் திருப்பித் தரும் உரிமை உண்டு. இவற்றை மறைக்கும் செயலி எதுவாயினும் அதனைத் தொடாமலிருப்பதே அறிவுடைமை.

நம் காலனிக்குச் சில வேண்டுகோள்

வரலாற்றைப் படிப்பது பொழுதுபோக்குக்கு அன்று. மேற்கூறியவற்றிலிருந்து நம் குடும்பங்கள் உடனே மேற்கொள்ளத்தக்கவற்றைச் சுருங்கச் சொல்வோம்.

முதலாவது, மாதந்தோறும் சம்பளம் வந்தவுடன் சேமிப்பை எடுத்து வைத்த பின்னரே செலவைத் தொடங்குதல். மிஞ்சியதைச் சேமிப்போம் என்பார்க்கு ஒருநாளும் மிஞ்சியதில்லை. சேமநல நிதி வெற்றி பெற்றதன் இரகசியம், பணம் கைக்கு வருமுன்னரே பிடிக்கப்படுவதுதான்.

இரண்டாவது, எக்கடனுக்கும் ஆண்டு வட்டி எவ்வளவு என்று கேட்டறிதல். அணாவில் சொன்னாலும் தவணையில் சொன்னாலும் ஆண்டுக் கணக்காக மாற்றிப் பார்க்காமல் கையொப்பமிடலாகாது.

மூன்றாவது, வீட்டிலுள்ள காப்பீட்டுப் பத்திரம், வங்கிப் புத்தகம், வைப்புச் சீட்டு, ஓய்வூதியத் தாள் ஆகிய அனைத்தையும் ஒரே பெட்டியில் வைத்து, மனைவிக்கும் வளர்ந்த மக்களுக்கும் விளக்கிக் காட்டுதல்; நியமனதாரர் பெயரைச் சரிபார்த்தல். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.

நான்காவது, நம் சங்கமே ஆண்டில் இருமுறை படிவம் படிக்கும் நாள் ஒன்றை நடத்துதல். ஓய்வு பெற்ற பெரியவர்களுள் வங்கியிலும் அஞ்சலகத்திலும் கணக்கலுவலகத்திலும் பணியாற்றியோர் நம்மிடையே இருக்கிறார்கள். ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராத்தியிலோ அச்சிட்ட தாளை ஒரு சகோதரிக்குத் தமிழில் படித்துச் சொல்வது, மேடையில் தமிழின் பெருமை பேசுவதற்கு எவ்வகையிலும் குறைந்த தொண்டன்று. மாதச் சாமான்களைக் கூடி வாங்கும் குழுவொன்றையும் சோதனையாகத் தொடங்கிப் பார்க்கலாம்.

சிக்கனம் என்றால் கஞ்சத்தனம் என்று பொருள் கொள்ளற்க. பண்டிகைக்குப் புத்தாடையும், பிள்ளைக்கு நல்ல புத்தகமும், ஆண்டுக்கொரு முறை ஊர்ப் பயணமும் வாழ்வின் அணிகலன்கள். அவற்றை மனநிறைவோடு துய்ப்பதற்காகவே வீண் வட்டியையும் வீண் எடையையும் விலக்கச் சொல்கிறோம். வட்டிக்குப் போகாத பணமே விழாவுக்கு வரும்.

திருவல்லிக்கேணியில் ஒரு கடையைத் தொடங்கியவர்கள் பெருஞ்செல்வர் அல்லர், அவர்கள் பதினால்வரே. நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குக் கூடும் குடும்பங்கள் அதனினும் பன்மடங்கு. இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் ஒவ்வோரில்லத்தாரும் இவ்வாரத்திலேயே தத்தம் நியமனதாரர் படிவத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராயின், நாம் இதனை எழுதியதன் பயனை எய்தியவராவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!